சாக்குப் போர்த்திய மோட்டார் சைக்கிள்

தாராவியில் குயவர் குடியிருப்பைத் தாண்டிப் போகும் சந்தில் மெஹராஜ் வீடு எது என்று கேட்டால், பர்ஸ் தைக்கிறவளா என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். மேலப்பாளையத்தில் பிறந்தவள். அபுதாஹிருக்கு வாழ்க்கைப்பட்டு ரயிலேறி தாதரில் இறங்கியபோது அவளுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. சில வருஷங்களில் தோல் வியாபாரிகளிடம் இந்தியில் கூலி பேசவும், குழாயடியில் மராத்தியில் சண்டை போடவும் கற்றுக்கொண்டாள். இரண்டு முறை உண்டானாள், இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசி யாரும் கேட்டதில்லை. கையில் எந்நேரமும் ஒரு துண்டுத் தோலும் ஊசியும் இருக்கும். அடுத்தவர் பேச்சைக் கேட்கும்போதும் தையல் நிற்காது.

அபுதாஹிருக்குத் தோல் பட்டறையில் வேலை. பதனிட்ட தோல்களின் மாதிரிகளைப் பைதோனி, டோங்கிரி பக்கத்து வியாபாரிகளிடம் காட்டி ஆர்டர் பிடித்து வருவார். அதற்காகவே ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தில் கழித்துப் போட்ட பழைய இங்கிலீஷ் வண்டி. பச்சைப் பெயிண்டை அவரே சுரண்டிக் கறுப்படித்திருந்தார். சந்துக்குள் அது நுழையும் சத்தம் கேட்டால் மெஹராஜ் உலை மூடியைத் திறந்து பார்ப்பாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தால், சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் குந்தி வண்டியைத் துடைப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

அறுபத்தைந்தாம் வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் அது நடந்தது. வியாபாரி ஒருவர் அவசரமாக ஆட்டுத் தோல் கேட்டார் என்று, எந்தத் தொட்டியில் எது பக்குவமாக இருக்கிறது என்று பார்க்க அபுதாஹிர் பட்டறையின் பின்பக்கம் போனார். முடி உதிரத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியின் ஓரத்தில் நின்று குனிந்தார். எதிர்ப்பக்கம் இசக்கிமுத்து என்கிற தொட்டிக்காரர் நீண்ட இரும்புக் கிடுக்கியால் தோலைத் தூக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்துக் கனத்த தோல் வழுக்கியது. அது தொப்பென்று தொட்டியில் விழ, சுண்ணாம்புத் தண்ணீர் எழும்பி அபுதாஹிரின் முகத்தில் அறைந்தது. அவருடைய தலையைக் குழாயடியில் பிடித்துக் கழுவியதும், தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும் அதே இசக்கிமுத்துதான். ஒரு கண் அன்றைக்கே போனது. இன்னொன்றில் கொஞ்ச நாள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மழைக்காலம் தொடங்கும்போது அதுவும் நின்றுவிட்டது.

இசக்கிமுத்து ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார். வார்டு வாசலில் நின்றுவிட்டு உள்ளே வராமலே போனார். பிறகு தொட்டி வேலையை விட்டுவிட்டு காட்கோபர் பக்கம் மூட்டை தூக்கப் போவதாகச் சொன்னார்கள். அந்தச் சந்தின் பக்கம் அவர் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்த அபுதாஹிர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போக ஆள் வந்தால் தலை வலிக்கிறது என்பார். பட்டறையிலிருந்து யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வார். மெஹராஜ் தைத்த பர்ஸுகளில் குடும்பம் ஓடியது. அது அவளுக்குப் பாரமாக இல்லை. அவருடைய மௌனம்தான் பாரமாக இருந்தது. கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறை, நாலு சுவருக்குள் இரண்டு பேர். அவள் ஊசி தோலில் இறங்கும் சத்தத்தைக்கூட அவர் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

வண்டி வாசலை ஒட்டிச் சுவர் ஓரமாக, மேலே சாக்குப் போர்த்தி நின்றது. கக்கூஸுக்குப் போகையில் அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். திரும்பி வரும்போது அவர் கை தானாக நீண்டு சாக்கின் மேல் படும். சீட்டைத் தடவும், பெட்ரோல் டாங்கியைத் தடவும். அங்கேயே நின்றுவிடுவார். மழையில் நனைந்துகொண்டு அப்படி நின்ற ஒரு நாள்தான் மெஹராஜ் முடிவு செய்தாள். இந்த வண்டி இங்கே இருக்கும்வரை இந்த மனுஷன் இந்த வாசலைத் தாண்டமாட்டார்.

மாட்டுங்காவில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்த முகம்மது ஹனீபுக்குச் சொல்லி அனுப்பினாள். அவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். அறுபத்தாறு மழை விட்ட சமயம், ஒரு காலையில் வந்து சாக்கை எடுத்துவிட்டு வண்டியைப் பார்த்தார். கிக்கரை உதைத்தார். கிளட்ச் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

உள்ளே படுத்திருந்த அபுதாஹிர் எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு அங்க வண்டிய உதைக்கது?"

மெஹராஜ் தையலை நிறுத்தினாள். "ஹனீப் காக்கா. நாந்தான் வரச் சொன்னேன்."

"யாரக் கேட்டு வரச் சொன்ன?"

அதற்குள் ஹனீப் வாசலில் வந்து நின்றார். "தாஹிர், நல்லா இருக்கியளா? வண்டிய எடுத்துக்கிடச் சொன்னாங்க, அதான் பாக்க வந்தேன். இஞ்சின் தங்கமா இருக்கு. கிளட்ச்தான் போயிருச்சு. இந்த வண்டிக்கு இப்ப பிளேட் கெடைக்கது இல்ல. பிரிச்சுப் போட்டாதான் உண்டு."

"கிளட்ச் போனது எனக்குத் தெரியும்" என்றார் அபுதாஹிர். வெகுநாள் கழித்து அவர் குரலில் ஒரு பிடி இருந்தது. "சயான் ஏத்தத்துல சறுக்கிச்சு. இஞ்சின் கத்தும், வண்டி நகராது. ஞாயித்துக்கெழம பிரிக்கணும்னு இருந்தேன்."

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பெருநாள் கழிந்து வந்த முதல் ஞாயிறு. அந்த நாளில் அவர் கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"காக்கா, ரெண்டு சாமான் கொடுத்துட்டுப் போங்க" என்றார். "கிளட்ச் கழத்துற ஸ்குரூடிரைவரும், பெரிய ஸ்பேனரும். நா பிரிக்கேன்."

ஹனீப் மெஹராஜைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஏன் அசைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. அபுதாஹிர் வாசலில் உட்கார்ந்தார். விபத்துக்குப்பின் பகல் வெளிச்சத்தில் நாலு பேர் பார்க்க அவர் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான். இஞ்சினின் இடப்பக்கத்து மூடியைக் கழற்றியதும் பழைய எண்ணெய் கறுப்பாகத் தட்டில் வடிந்தது. உள்ளே சங்கிலியும், இட்லிப் பானை மூடி அளவில் ஒரு வட்டமும் இருந்தன. மெஹராஜ் அதை முதல் முறையாகப் பார்த்தாள்.

"இதுதான் கிளட்ச்சா?"

"இதுதான். இஞ்சின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். நடுவுல இந்தத் தட்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். கைப்பிடிய அமுக்குனா விலகும், விட்டா மறுபடி ஒட்டும். ஒட்டலேன்னா இஞ்சின் பாட்டுக்கு ஓடும், வண்டி நின்ன எடத்துல நிக்கும்."

அவர் விரல்கள் ஸ்பிரிங்குகளை மூடியிருந்த சிறு கிண்ணங்களைத் தேடிப் பிடித்தன. ஒவ்வொன்றாகத் திருகைத் தளர்த்தினார். கழற்றிய சாமான்களை மெஹராஜ் ஒரு சுளகில் வரிசையாக வைத்தாள். எது எதற்குப் பக்கத்தில் என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னாள். தட்டுகள் மாறி மாறி வந்தன. ஒன்று வெறும் இரும்பு. அடுத்தது ஓட்டை ஓட்டையாகத் துளைத்து, ஒவ்வோர் ஓட்டையிலும் தக்கை அடைத்தது. தக்கைகள் கருகித் தேய்ந்து இரும்போடு இரும்பாகக் கிடந்தன. சில ஓட்டைகளில் தக்கையே இல்லை.

அபுதாஹிர் ஒரு தட்டை மடியில் வைத்து விரல் நுனியால் சுற்றி வந்தார். "இரும்பு நல்லாதான் இருக்கு. தக்கைதான் செத்துப் போச்சு. தக்கை வேணும், மெஹராஜ்."

"எந்தத் தக்கை?"

"மருந்து பாட்டில் மூடுற தக்கை இருக்குல்லா, அதான். ஊறப்போட்டு அடைச்சா காஞ்சதும் உப்பிப் பிடிச்சுக்கிடும். கம்பெனித் தக்கை வேற மாதிரி. இல்லாத எடத்துல இதத்தான் போடுவாக. நா ஒருதரம் பட்டாளத்து மெக்கானிக்கு ஒருத்தன் போட்டுப் பாத்திருக்கேன்."

மெஹராஜ் சயான் பக்கத்து டிஸ்பென்சரியில் மிக்ஸ்சர் கலக்கும் கம்பவுண்டரிடம் போய்க் கேட்டாள். எதற்கென்று சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனாலும் ஒரு பொட்டலம் கொடுத்தார். பழைய பாட்டில் பொறுக்கும் கடையிலும் கேட்டு வாங்கினாள். விரிந்தது, உடைந்தது, புழுத்தது என்று கழித்துப் போட்டு நல்லதை மட்டும் எடுத்தாள். தோல் பார்த்துப் பழகிய கை. எது உள்ளே உளுத்திருக்கிறது என்று அமுக்கிப் பார்த்தே தெரிந்தது.

வெந்நீரில் போட்ட தக்கைகள் மெத்தென்று ஆயின. சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றாக ஓட்டையில் நுழைக்க வேண்டும். அவர் தட்டைப் பிடித்துக்கொள்ள அவள் கட்டைவிரலால் அழுத்தினாள். அவளுக்கு வலித்தால் அவர் அழுத்தினார். நிறையப் பேசவில்லை. ஆனால் வேலைப் பேச்சு என்று ஒன்று இருந்தது. 'இது கோணல்', 'அத எடுத்துரு', 'கொஞ்சம் இறக்கு', 'போதும்.' ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

தக்கைகள் காய்ந்து இறுகியபின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்ததை அவள் தோல் சீவும் கத்தியால் சீவினாள். பிறகு சமமாகத் தேய்க்கச் சமதளம் வேண்டும் என்றார். கோலியில் சமமாக எதுவும் இல்லை. தரையே மேடும் பள்ளமும். மெஹராஜ் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றித் தரையில் கிடத்தினாள். அதன்மேல் உப்புத்தாளை விரித்துக் கொடுத்தாள்.

"என்னதுமேல தேய்க்கோம்?" என்று கேட்டார்.

"கண்ணாடி."

அவர் கை தாளைத் தாண்டிக் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டது. "கீறிராம பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

தட்டைத் தேய்ப்பார், எடுத்துத் துடைத்து விரலால் தடவுவார், எங்கே ஒரு தக்கை மட்டும் உயரமாக நிற்கிறது என்று சொல்வார், மறுபடி தேய்ப்பார். இரும்புத் தட்டுகளையும் அதே கண்ணாடியில் வைத்து ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். ஒன்று மட்டும் டிக் டிக்கென்று ஆடியது. அதை ஹனீபிடம் கொடுத்தனுப்பி நிமிர்த்தி வாங்கினார்கள்.

மாட்டும் நாள் வந்தது. தட்டுகள் வரிசையாக உள்ளே போயின. கடைசித் தட்டின்மேல் ஸ்பிரிங்குகளை வைத்து, கிண்ணத்தை மூடி, அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகை முடுக்க வேண்டும். அழுத்த ஒருவர், முடுக்க ஒருவர். ஸ்பிரிங்கோ கெட்டி. முதலில் அபுதாஹிர் அழுத்தினார், மெஹராஜ் திருகினாள். அவருக்குத் திருகின் நேர் தெரியாததால் கை கோணலாக இறங்கியது, மரை பிடிக்கவில்லை. பிறகு மாற்றிப் பார்த்தார்கள். அவள் ஸ்குரூடிரைவரைக் கிண்ணத்தில் ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள். முகம் கிளட்ச்சுக்கு மேலே இருந்தது. அவர் விரல் திருகைத் தேடிக்கொண்டிருந்த நொடியில் அவள் கை வழுக்கியது.

ஸ்பிரிங் துள்ளி வந்து அவள் புருவத்தில் அடித்தது.

அவள் "அல்லா" என்றாள். அவ்வளவுதான். அபுதாஹிருக்கு முதலில் விளங்கவில்லை. கையை நீட்டினார். அவள் முகத்தில் ஈரம் பட்டது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். ரத்தம்.

"எங்க பட்டுச்சு? எங்களா பட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல. மேலதான்."

"கண்ணத் தொற. தொறந்து பாரு. தெரியுதா?" இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டார். இமையை, புருவத்தை, கன்னத்தை விரலால் துழாவினார். "எதுனா தெரியுதா, சொல்லு."

"தெரியுது. நீங்க தெரியுதிய. வாசல் தெரியுது. எல்லாம் தெரியுது."

அவர் அவளைப் பிடித்த பிடியை விடவே இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து அழாத மனுஷன் அந்த வாசலில், சந்து முழுக்கப் பார்க்க, தலை குனிந்து அழுதார். மெஹராஜ் முந்தானையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு இன்னொரு கையை அவர் முதுகில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் காப்பித்தூள் கொண்டுவந்து காயத்தில் வைத்தாள்.

சாயங்காலம் அவர் சொன்னார்: "சாக்கப் போட்டு மூடு. ஹனீப வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."

மெஹராஜ் மூடினாள். ஆனால் ஹனீபுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்த அழுகையைப் பார்த்தபின் மறுபடியும் அந்த மௌனத்தோடு ஒரே அறையில் இருக்க அவளால் முடியாது. மறுநாள் பர்ஸ் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இசக்கிமுத்து குடியிருந்த வரிசைக்குப் போனாள். தாராவியில் அவளுக்குத் தெரிந்தவர்களில் அந்த ஸ்பிரிங்கை அசையாமல் அழுத்திப் பிடிக்கும் கை யாருடையது என்று யோசித்தபோது, ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி உரமேறிய அந்தக் கைதான் அவள் நினைவுக்கு வந்தது.

இசக்கிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். புருவத்துக் காயத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. மெஹராஜ் உட்காரவில்லை. என்ன வேலை, என்ன வேண்டும் என்று சொன்னாள்.

"நா வரல மைனி" என்றார். "என்னால அவுக மூஞ்சியப் பாக்க முடியாது."

"அவுகளும் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாக" என்றாள் மெஹராஜ்.

கடுமையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்ததல்ல. வாயில் வந்துவிட்டது. இசக்கிமுத்துவின் மனைவி ஆறுமுகத்தாய் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு இசக்கிமுத்து மூலையில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.

வழியெல்லாம் அவர் அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளியே வந்தார். வாசலில் மெஹராஜ் சாக்கை எடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சொன்னாள்: "வாங்க. அழுத்திப் பிடிக்க ஆள் வந்திருக்கு."

"யாரு?"

அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வண்டிக்கு முன்னால் உட்கார வைத்தாள். எதிரே ஆள் குந்துகிற அரவம் அபுதாஹிருக்குக் கேட்டது. மூச்சு கேட்டது. பேச்சு இல்லை.

"யாருன்னு கேக்கேன்லா."

அபுதாஹிர் கையை நீட்டினார். ஒரு கை அகப்பட்டது. புரட்டிப் பார்த்தார். உள்ளங்கை காய்த்திருந்தது, நகங்களின் ஓரம் சுண்ணாம்பில் வெந்து வெடித்துத் தடித்திருந்தது. தொட்டி வேலை செய்த கைகள் பட்டறையில் நிறைய உண்டு. வந்து நின்று வாய் திறக்க முடியாதவர் ஒருவர்தான்.

"இசக்கியா?"

"ஆமா பாய்."

கையை அவர் விடவில்லை, இறுக்கவும் இல்லை. மெஹராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்வார், எழுந்து உள்ளே போய்விடுவார், அடித்தாலும் அடிப்பார் என்று காத்திருந்தாள்.

அபுதாஹிர் அந்தக் கையைக் கொண்டுபோய் ஸ்பிரிங் கிண்ணத்தின்மேல் வைத்தார். "ஸ்குரூடிரைவர இதுல ஊனு. மூஞ்சியத் தள்ளி வச்சுக்கோ. நா சொல்லுற வரைக்கும் விடாத."

இசக்கிமுத்து அழுத்தினார். கிண்ணம் அசையாமல் கீழே போனது. அபுதாஹிரின் விரல் திருகை வைத்தது, மரை பிடித்தது. "விடு" என்றார். அடுத்தது. அதற்கடுத்தது. எல்லா ஸ்பிரிங்கும் ஏறி முடியும்வரை 'அழுத்து', 'விடு' என்ற இரண்டு சொற்கள்தான் அவர்களுக்கிடையே போய்வந்தன.

பிறகு எல்லாம் ஒரே அளவில் முடுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மெஹராஜ் கிளட்ச் கைப்பிடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். இசக்கிமுத்து கிக்கரை மெதுவாக மிதித்தார். தட்டு சுழன்றது. அபுதாஹிர் ஒற்றை விரலை அதன் விளிம்பில் பட்டும் படாமலும் வைத்திருந்தார். தட்டு கோணலாக விலகினால் விரலில் தட்டும். ஒரு திருகை அரைச் சுற்று முடுக்கினார். மறுபடி மிதிக்கச் சொன்னார். இன்னொன்றைத் தளர்த்தினார். விரலில் எதுவும் தட்டாமல் தட்டு சுற்றி வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

மூடியைப் போட்டு எண்ணெய் ஊற்றியபின், இசக்கிமுத்து கையைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்குக் கிடுக்கி வழுக்கிருச்சு பாய்."

"தெரியும். சத்தம் கேட்டுச்சு."

"நா ஒரு கொரல் கொடுத்திருக்கலாம்."

"கொரல் கொடுக்க எங்க நேரம்?" அபுதாஹிர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் தேய்த்தார். "எனக்கு உம்மேல கோவம் உண்டு, இசக்கி. நிறைய உண்டு. நீ வேணும்னு செய்யலன்னு தெரிஞ்சாலும் காலையில முழிச்ச ஒடனே வந்து நிக்கும். அது போகும்னு நா உனக்குச் சொல்ல முடியாது."

"சரி பாய்."

"அதுக்காவ நீ வராம இருக்கணும்னு இல்ல."

இசக்கிமுத்து தலையை ஆட்டினார். ஆட்டியது அபுதாஹிருக்குத் தெரியாது என்று உணர்ந்து, "வாரேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது, சந்தே அதிர்ந்தது. அதை ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். இசக்கிமுத்துவுக்கு சைக்கிள்தான் தெரியும். அபுதாஹிர் தானே கேட்டார்: "முன்னால உக்காருதியா? நா பின்னால இருக்கேன். கிளட்ச்ச நா பாத்துக்கிடுதேன்."

வண்டியைத் தள்ளிச் சந்தைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். மெஹராஜ் கூடவே போனாள். இசக்கிமுத்து ஏறி உட்கார்ந்தார். அவர் காதோரம் வேர்வை வழிந்தது. அபுதாஹிர் பின்னால் ஏறினார். இடது கையை அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோய், கைப்பிடியைப் பிடித்திருந்த அவர் கையின்மேல் வைத்தார்.

"நீ ரோட்டப் பாரு. கை என்னோடது. நா விடும்போது கூடவே விடு."

வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. இன்னொரு முறையும் நின்றது. மூன்றாவது முறை மெல்ல நகர்ந்தது, பிறகு போனது. சைக்கிள்களுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே அந்த இரண்டு முதுகுகளும் சின்னதாகிக்கொண்டே போவதை மெஹராஜ் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வீட்டுக்கு வந்து தையலை எடுத்தாள். கை ஓடவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். மறுபடி உட்கார்ந்தாள். ஒரு குருடரையும் வண்டி தெரியாதவரையும் ரோட்டில் அனுப்பிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியின் வார்டு வாசல் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

வெயில் ஏறியபின் சந்து முனையில் அந்தச் சத்தம் கேட்டது. இசக்கிமுத்துவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அபுதாஹிர் இறங்கி, அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். தலைமுடி காற்றில் கலைந்து நின்றது.

"சயான் ஏத்தத்துல ஏறுச்சு, மெஹராஜ்" என்றார். "கொஞ்சங்கூடச் சறுக்கல."

அன்று பொழுது சாயும் வேளையில் ஆறுமுகத்தாய் வந்தாள். அதற்குமுன் அவள் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. ஒரு தூக்குச் சட்டியில் மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள்; இவர்கள் சாப்பிடுவார்களோ மாட்டார்களோ என்ற தயக்கத்தில் அதை வாசலிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மெஹராஜ் அதை வாங்கி உள்ளே வைத்து, அவளைப் பாயில் உட்காரச் சொன்னாள்.

"அவரு தூங்குதாரு" என்றாள் ஆறுமுகத்தாய். "வந்து சாப்பிட்டுட்டுப் படுத்தவருதான், இன்னும் எந்திரிக்கல. அன்னையிலருந்து ராத்திரி முழுக்க உக்காந்தே இருப்பாரு மைனி. தோளத் தொட்டாப் பதறுவாரு. இன்னைக்குத்தான் மனுஷன் தூங்குதாரு. ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

மெஹராஜ் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த விபத்து இன்னொரு வீட்டிலும் நடந்திருக்கிறது என்பது அவள் மனதில் அதுவரை சரியாக ஏறியிருக்கவில்லை. இரண்டு பெண்களும் விளக்கேற்றும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இசக்கிமுத்து மூட்டை தூக்குவதை விட்டு லைசென்ஸ் எடுத்தார். பட்டறை முதலாளி முதலில் யோசித்தார். பிறகு மாதிரித் தோல்களைக் கொடுத்தனுப்பினார். முன்னால் ஒருவர், பின்னால் தோல் மூட்டையை அணைத்தபடி கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் என்று அந்தப் பழைய வண்டி டோங்கிரிக்கும் குர்லாவுக்கும், சில நாள் விக்ரோலி வரைக்கும் போய்வந்தது. பார்த்தவர்கள் அண்ணன் தம்பியா என்று கேட்டதுண்டு. இரண்டு பேருமே அதற்கு இல்லை என்றுதான் சொன்னார்கள். மருந்து பாட்டில் தக்கை கம்பெனித் தக்கையைப் போல் நாள்படாது. தேய்ந்து சறுக்கத் தொடங்கியதும் தட்டுகளைக் கழற்றுவார்கள். அந்த வேலை நாளடைவில் மெஹராஜின் வேலையாகவே ஆனது. தக்கையைத் தேர்ந்தெடுப்பது, அடைப்பது, சீவுவது எல்லாம் அவள்தான். ஹனீபே சில சமயம் வேறு வண்டிகளின் தட்டுகளை அவளிடம் கொடுத்தனுப்பினார்.

அபுதாஹிர் சொன்னது சொன்னபடி, அந்தக் கோபம் போகவில்லை. சில காலைகளில் எழுந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். வழக்கம்போல் இசக்கிமுத்து வந்து வாசலில் நின்று "பாய்" என்பார். "இன்னைக்கு வேண்டாம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அவர் ஏன் என்று கேட்கமாட்டார், போகவும் மாட்டார். வண்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வார். மெஹராஜ் டீ போட்டு ஒரு கிளாஸை உள்ளே வைப்பாள், இன்னொன்றை வாசலுக்குக் கொண்டுபோவாள். மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் இசக்கிமுத்து எழுந்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

மறுநாள் காலையில் அவர் வந்து நிற்கும்போது, பெரும்பாலும், அபுதாஹிர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருப்பார்.